பாட்டு பாதியில் நிற்காமலிருக்க: இசைக்காக வீட்டு நெட்வொர்க்கைச் சீர்படுத்தும் வழி

மாடியறையில் ஆம்ப்ளிஃபையர் வைத்து, நல்ல ஸ்பீக்கர் இரண்டை மாட்டி, தரமான ஒலிக்கென்று மாதச் சந்தாவும் கட்டியாகிவிட்டது. விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தால், தோடி ஆலாபனை மேல் ஸ்தாயிக்கு ஏறும் நேரம் பார்த்துப் பாட்டு நின்றுபோகிறது. இரண்டு நொடி மௌனம். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. தொடர்ந்து என்ன பயன்?

எங்கள் வீட்டில் இந்தக் கூத்து எட்டு மாதம் நடந்தது, பெரும்பாலும் இரவு எட்டு மணிக்கு மேல். 40 எம்பிபிஎஸ் (நொடிக்கு 40 மெகாபிட்) இணையத் திட்டத்தை 100 ஆக உயர்த்தினேன். பாட்டு நின்றது. 200 ஆக்கினேன். அப்போதும் நின்றது. கீழ்த்தளத்தில் மோடத்துக்கு முன்னால் நின்ற இரும்பு பீரோதான் குற்றவாளி என்று கடைசியில் தெரிந்தபோது, அதுவரை கூடுதலாகக் கட்டிய கட்டணத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்க மனம் வரவில்லை. பீரோவுக்குக் கூட்டாளிகளும் இருந்தார்கள். அவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் வருவார்கள்.

நெட்வொர்க் பற்றி ஒன்றும் தெரியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். கூடியவரை காசு செலவாகாத வேலைகளை முன்னால் வைத்திருக்கிறேன். பாதி தூரத்திலேயே உங்கள் பாட்டு ஒழுங்காக ஓட ஆரம்பித்துவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். மீதியைச் செய்யத் தேவையில்லை.

முதலில் ஒரு சிறு கணக்கு

சிடியில் உள்ள ஒலி ஒரு நொடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 16 பிட்டாக, இடம் வலம் என இரண்டு தடங்களில் பதிவாகிறது. மூன்றையும் பெருக்கினால் நொடிக்கு 14,11,200 பிட். அதாவது 1.4 எம்பிபிஎஸ். ஃபிளாக் என்ற முறை ஒலியில் துளியும் குறையாமல் கோப்பை மட்டும் சுருக்குகிறது. பெரும்பாலான பாட்டுகள் அதில் 1 எம்பிபிஎஸ்ஸுக்கு அக்கம்பக்கத்தில் வந்து நிற்கும். அதைவிட உயர்ந்த 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஒலிக்குச் சுருக்குவதற்கு முன் 4.6 எம்பிபிஎஸ் ஆகும். உச்சமான 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்றால் 9.2.

ஆப்பிள் மியூசிக் 2021 ஜூன் முதல் இழப்பில்லாத ஒலியைச் சந்தாவுக்குள்ளேயே தருகிறது. உச்சம் 192 கிலோஹெர்ட்ஸ். நீண்ட காலம் 320 கேபிபிஎஸ்ஸில் (ஆயிரம் கேபிபிஎஸ் ஓர் எம்பிபிஎஸ்) நின்றிருந்த ஸ்பாட்டிஃபை 2025 செப்டம்பரில்தான் இழப்பில்லாத ஒலியைத் தரத் தொடங்கியது; அதன் உச்சம் 24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். ஆக, எந்தச் சேவையை எடுத்துக்கொண்டாலும் 10 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டிக் கேட்கிற பாட்டு கிடையாது. 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பதே 15 எம்பிபிஎஸ்தான். எனவே 40 எம்பிபிஎஸ் திட்டம் வைத்திருப்பவர் இசைக்காக அதை உயர்த்த வேண்டியதில்லை. நான் உயர்த்தியது வீண்.

டேட்டா தீர்ந்துவிடுமோ என்ற பயமும் வேண்டாம். 1 எம்பிபிஎஸ் ஓட்டம் ஒரு மணி நேரத்துக்கு 450 எம்பி. மாதம் முழுவதும் இரவு பகலாகப் பாடவிட்டாலும் 324 ஜிபி. வரம்பற்றது என்று விற்கப்படும் பல ஃபைபர் திட்டங்களின் உண்மையான மாத வரம்பு 3,300 ஜிபி.

படம் நிற்காமல் ஓடுகிறதே, பாட்டு மட்டும் ஏன் நிற்கிறது என்று கேட்கலாம். டிவியில் உள்ள செயலி படத்தைக் கணிசமாக முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்கிறது. பாட்டை இணையத்திலிருந்து வாங்கி ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுக்கும் சில சிறிய மியூசிக் பிளேயர்களில் சில நொடிகளுக்கான பாட்டுதான் கையிருப்பு. அந்தச் சில நொடிக்குள் அடுத்த பகுதி வந்து சேரவில்லை என்றால் மௌனம்தான். குழாயின் அகலம் இங்கே பிரச்சினை இல்லை. நடுவில் எங்கே தண்ணீர் விட்டுவிட்டு வருகிறது என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பாட்டு வரும் வழியைத் தாளில் வரையுங்கள்

இதைச் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் வரைந்தவர்களுக்குப் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். மோடம் (வெளியிலிருந்து ஃபைபர் வந்து நுழையும் பெட்டி), ரவுட்டர் (இணைப்பை வீட்டுக்குள் பங்கிடும் பெட்டி; பல வீடுகளில் இரண்டும் ஒன்றே), செல்பேசி, பிளேயர் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் போட்டு, பாட்டு எதிலிருந்து எதற்குப் போகிறது என்று அம்புக்குறி இடுங்கள்.

செல்பேசியிலிருந்து புளூடூத்தில் ஸ்பீக்கருக்கு அனுப்புகிறீர்கள் என்றால், நெட்வொர்க்கை எவ்வளவு சீர்படுத்தினாலும் ஒலித்தரம் ஓர் எல்லைக்கு மேல் ஏறாது. புளூடூத்தின் அடிப்படை முறையான எஸ்பிசி வழக்கமாக 328 கேபிபிஎஸ் வரைதான் போகிறது. சோனியின் எல்டாக் 990 வரை போகும்; அதுவும் சிடிக்கான 1,411க்குக் கீழே. இழப்பில்லாத ஒலி வேண்டுமென்றால் முதலில் புளூடூத்தை விட்டு வைஃபைக்கோ ஒயருக்கோ மாறுங்கள்.

ஸ்பாட்டிஃபை கனெக்ட், கூகுள் காஸ்ட் போன்றவற்றில் செல்பேசி வெறும் ரிமோட். பாட்டை இணையத்திலிருந்து பிளேயரே நேராக இழுத்துக்கொள்கிறது. பிறகு செல்பேசியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாலும் பாட்டு ஓடும். ஐஃபோனிலிருந்து ஏர்பிளே மூலம் அனுப்பும்போது பெரும்பாலும் அப்படியில்லை: பாட்டு வைஃபையில் செல்பேசிக்கு வந்து, அதே வைஃபையில் மறுபடி பிளேயருக்குப் போகிறது. ஒரே காற்றில் இரண்டு பயணம். இரண்டு வழியும் உள்ள பிளேயரானால் பிளேயரே நேராக இழுக்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். என் வீட்டில் எட்டு மாதமும் செல்பேசியை நடுவில் உட்கார வைத்துத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கே நிற்கிறது என்று பிடிப்பது

மடிக்கணினியை எடுத்துக்கொண்டு பிளேயருக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள். வசதியான இடத்தில் உட்கார்ந்து சோதிப்பதில் பொருளில்லை. பாட்டு நிற்கும் இடத்தில், நிற்கும் நேரத்தில் சோதிக்க வேண்டும்.

விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, பிங் என்ற கட்டளையையும் ரவுட்டரின் முகவரியையும் தட்டுங்கள். முகவரி ரவுட்டரின் அடியில் ஒட்டிய தாளில் இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. கடைசியில் ஒரு சிறுகோடும் 'டி' என்ற ஆங்கிலச் சிறிய எழுத்தும் சேர்த்தால், நீங்கள் கன்ட்ரோலையும் 'சி'யையும் சேர்த்து அழுத்தும்வரை ஓடிக்கொண்டிருக்கும். இன்னொரு சாளரத்தில் இதேபோல 8.8.8.8 என்ற கூகுளின் முகவரிக்கு விடுங்கள். முதலாவது உங்கள் கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையிலான நலத்தைச் சொல்லும். இரண்டாவது வீட்டுக்கு வெளியே போய்வருவதையும் சேர்த்துச் சொல்லும்.

மாடியில் இரவு எட்டரை மணிக்கு எனக்கு ரவுட்டரிடமிருந்து வந்த எண்கள் இப்படி இருந்தன: 4, 3, 5, 212, 4, 388, அடுத்தது 'நேரம் கடந்துவிட்டது' என்ற செய்தி, பிறகு 3, 4. எல்லாம் மில்லிநொடிகள். அதே வீட்டில் இருக்கும் ரவுட்டர் வரை போய்வர 388 மில்லிநொடி! காலையில் சோதித்தபோது ஒரே சீராக 3, 4, 3. அப்போதே புரிந்திருக்க வேண்டும், வெளியே இணைப்புத் தருகிறவர்மீது தப்பில்லை என்று. அதற்குள் அவர்கள் புகார் எண்ணுக்கு நான்கு முறை அழைத்துக் கத்தியிருந்தேன்.

படிக்கும் முறை இதுதான். ரவுட்டர் வரையிலான எண்களே தாறுமாறாக இருந்தால் சிக்கல் உங்கள் வைஃபையில். அது சீராக இருந்து, 8.8.8.8 மட்டும் துள்ளினால் ஒன்று இணைய நிறுவனத்தின் பக்கம், அல்லது உங்கள் வீட்டிலேயே வேறு யாரோ இணைப்பை அடைத்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டும் சீராக இருக்கும்போதே பாட்டு நின்றால் பிளேயரையோ செயலியையோ சந்தேகியுங்கள்.

பீரோவை நகர்த்துங்கள்

எங்கள் வீடு கீழும் மேலுமாக இரண்டு தளம். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், நடுவில் கம்பி கட்டிய கான்கிரீட் தளம். ஃபைபர் இழுக்க வந்தவர் வாசலுக்குப் பக்கத்து மூலையில், தமக்கு வசதியான இடத்தில், மோடத்தை ஆணியடித்து மாட்டிவிட்டுப் போனார். பிறகு நாங்கள் வாங்கிய பீரோவுக்கும் அந்த மூலைதான் கிடைத்தது.

வைஃபை அலைக்கு இரும்புத் தகடு ஆகாது. பெரிய நிலைக்கண்ணாடி, ஃபிரிட்ஜ், மீன்தொட்டி, இன்வெர்ட்டர் பேட்டரி எதுவும் ஆகாது. கண்ணாடிக்குப் பின்னாலுள்ள பூச்சும் உலோகம்தான்; தண்ணீர் அலையை விழுங்கும். ரவுட்டரைத் தலைக்கு மேல் உயரத்தில், திறந்த இடத்தில், கூடியவரை வீட்டின் நடுவில் வையுங்கள். டிவிக்குப் பின்னால் ஒளித்து வைப்பது பார்க்க அழகாக இருக்கும். அலைக்கு அது சுவர். நட்டுக்குத்தலாக நிற்கும் ஆன்டெனா பக்கவாட்டில்தான் அதிகம் வீசும், உச்சிக்கு மேலே குறைவு. பிளேயர் நேர் மேலே மாடியில் இருந்தால் ஓர் ஆன்டெனாவைப் படுக்கை வசத்தில் சாய்த்துப் பாருங்கள்.

மாடிக்கு அலை ஏற நல்ல பாதை படிக்கட்டு. கான்கிரீட்டில் அது ஒன்றுதான் ஓட்டை. படிக்கட்டைப் பார்க்கும் இடத்தில் ரவுட்டரை மாட்டினாலே பல வீடுகளில் மாடிக்குத் தேவையான அலை வந்துவிடும்.

மோடத்தை நகர்த்தும்போது ஃபைபர் ஒயரைக் கவனியுங்கள். உள்ளே இருப்பது கண்ணாடி இழை. மடித்து நசுக்கினால் போச்சு. பச்சைத் தலையைக் கழற்றி முனையைத் தொடுவதும், உள்ளே எட்டிப் பார்ப்பதும் வேண்டாம். ஒயர் எட்டவில்லை என்றால் மோடத்தை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, அதிலிருந்து லேன் கேபிள் இழுத்து வேறோர் இடத்தில் ரவுட்டர் வைப்பதுதான் முறை.

அலை போதுமா என்று எப்படி அறிவது? செல்பேசியில் வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றை நிறுவினால், அலையின் வலுவை டிபிஎம் என்ற அளவில் காட்டும். எல்லாம் மைனஸ் எண்கள். சுழியத்துக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது. பிளேயர் இருக்கும் இடத்தில் மைனஸ் 67க்கு மேல் இருக்க வேண்டும். மைனஸ் 75க்குக் கீழே போனால் தகராறு ஆரம்பம். பீரோ நின்றபோது என் மாடியறையில் மைனஸ் 79. அதை ஒரு சுவர் தள்ளிப் படுக்கையறைக்கு மாற்றியபின் மைனஸ் 68. நான்கு பேர் தூக்கினோம். உள்ளேயிருந்த வெண்கலப் பாத்திரங்களை முதலில் எடுத்துவைக்கச் சொல்லி மனைவி கத்தியது யார் காதிலும் விழவில்லை.

இரவு எட்டு மணியின் ரகசியம்

அலை மெலிந்தபோது மாடியிலிருந்த பிளேயர், வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை விட்டு, தூரம் போகக்கூடிய 2.4 கிகாஹெர்ட்ஸுக்குத் தானாகவே இறங்கியிருந்தது. 2.4 என்பது சந்தைக்கடை. அண்டைவீட்டு வைஃபைகள், புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அங்கேதான். அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள், அதாவது அலைவரிசையின் உட்பிரிவுகள், மூன்றே: 1, 6, 11. இரவு எட்டு மணிக்கு மேல் தெருவே வீட்டுக்குத் திரும்பி டிவியைப் போட்டதும் அந்த மூன்றிலும் நெரிசல். 388 மில்லிநொடியின் கதை இதுதான்.

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்கு (அதன் முகவரியை பிரவுசரில் தட்டினால் வரும்) போய் 2.4க்கும் 5க்கும் தனித்தனிப் பெயர் வைத்துவிடுங்கள். பிளேயரை 5இல் மட்டும் இணையுங்கள். 5இல் சேனல் எண்ணைத் தானியங்கியாக விடாமல் 36 முதல் 48க்குள்ளோ 149 முதல் 161க்குள்ளோ ஒன்றைத் தேர்ந்து நிறுத்துங்கள். நடுவிலுள்ள எண்கள் ரேடாருடன் பகிர்ந்துகொள்ளும் அலைவரிசை. ரேடார் இருப்பதாகத் தோன்றினால் ரவுட்டர் உடனே அந்தச் சேனலைக் காலிசெய்ய வேண்டும் என்பது விதி. பாட்டும் அதோடு போகும். சேனலின் அகலத்தை 80 மெகாஹெர்ட்ஸிலிருந்து 40க்குக் குறைக்கலாம். வேகம் குறையும், இரைச்சலும் நெரிசலும் குறையும். இசைக்கு இந்தப் பண்டமாற்று லாபம்.

சில மலிவான பிளேயர்களுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாது. அவற்றுக்கு 1, 6, 11இல் எது காலியாக இருக்கிறது என்று வைஃபை அனலைசர் செயலியிலேயே இரவு நேரத்தில் பார்த்து, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் நிறுத்துங்கள்.

ஒயர் இழுத்தால் வேறு பேச்சே இல்லை

வைஃபையில் இவ்வளவும் செய்தபின் எனக்குப் பாட்டு வாரத்துக்கு ஒருமுறை நின்றது. அந்த ஒருமுறையும் பொறுக்காமல்தான் லேன் கேபிள் இழுத்தேன். ஓரிடத்தில் நிலையாக இருக்கும் பிளேயருக்கு ஒயரைவிட நல்ல மருந்தில்லை.

வந்த எலெக்ட்ரீஷியன், "அண்ணே, கரன்ட் பைப்பிலேயே இதையும் விட்டுவிடலாம், இடம் இருக்கிறது" என்றார்.

"230 வோல்ட் ஓடுகிற பைப்பில் இது கூடாது, தம்பி. உள்ளே உரசித் தோல் கிழிந்தால் ஆபத்து."

அவர் கொஞ்ச நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மாடிக்குப் பழைய கேபிள் டிவி ஒயர் போகிறதே, அது சும்மாதானே கிடக்கிறது?" என்றார்.

அதுதான் வழி. பயன்படாமல் கிடந்த அந்தத் தடித்த ஒயரின் மாடி முனையில் புது லேன் கேபிளை நுனியோடு நுனி சேர்த்து, இன்சுலேஷன் டேப்பை இறுக்கமாகச் சுற்றினார். முடிச்சு போடவில்லை, முடிச்சு வளைவில் மாட்டிக்கொள்ளுமாம். கேபிளின்மேல் முகப்பவுடரைத் தடவினார். கீழிருந்து அவர் பழைய ஒயரை இழுக்க, மேலிருந்து நான் புதியதை முறுக்கில்லாமல் ஊட்ட, பத்து நிமிடத்தில் பழையது வெளியே வந்தது, அதன் வாலைப் பிடித்தபடி புதியதும் வந்தது. சுவரில் ஓர் உடைப்பில்லை. இருபதாண்டுக்கு முன் கட்டிய பல வீடுகளில் இப்படிக் கேபிள் டிவி பைப்போ டெலிபோன் பைப்போ சும்மா கிடக்கும். தேடிப் பாருங்கள்.

கேபிள் வாங்கும்போது கேட்6 என்று கேளுங்கள். கேட்5ஈ கிடைத்தாலும் மோசமில்லை, அதுவே 100 மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ் (1000 எம்பிபிஎஸ்) தாங்கும். முழுச் செம்பா என்பதுதான் முக்கியம். அலுமினியத்தின்மேல் செம்பு பூசிய கேபிள் மலிவாக விற்கிறது. முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளை தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வெளிச்சுவர் வழியாகப் போவதானால் வெயில் தாங்கும் கறுப்பு உறை போட்டது வேண்டும்.

முனையில் பிளக் மாட்ட மேலுறையை மூன்று சென்டிமீட்டர் நீக்குங்கள். உள்ளே நான்கு ஜோடி. முறுக்கைப் பிரித்து இடமிருந்து வலமாக இப்படி அடுக்குங்கள்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடி நீலத்தைத் தாண்டி இரண்டாகப் பிரிந்து உட்கார்வதுதான் எல்லோரும் தவறவிடும் இடம். விரலால் தட்டையாக நீவி, ஒரே மட்டமாக அரையங்குலம் விட்டு வெட்டி, பிளக்கின் கொக்கி கீழே இருக்கும்படி பிடித்து உள்ளே தள்ளுங்கள். எட்டுச் செம்புப் புள்ளிகளும் பிளக்கின் மூக்கில் தெரிய வேண்டும்; மேலுறையும் பிளக்குக்குள் நுழைந்திருக்க வேண்டும். பிறகு கிரிம்பிங் கருவியால் ஓர் அழுத்து. இரு முனையிலும் இதே வரிசை. நீல ஜோடியோ பழுப்பு ஜோடியோ சரியாகக் கடிபடாவிட்டால் இணைப்பு 1000இலிருந்து 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். பாட்டுக்கு அதுவே தாராளம் என்பதால் பல வீடுகளில் இது யாருக்கும் தெரியாமலே ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்போது ஒரு வாக்குமூலம். ஒயர் இழுத்த உற்சாகத்தில், இசைக்கென்றே செய்ததாக விற்கப்பட்ட ஒரு மீட்டர் லேன் கேபிளை ஆறாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கினேன். 'ஒலி மேடை விரியும்' என்று அட்டைப்பெட்டியில் எழுதியிருந்தது. மகனை விட்டு எனக்குத் தெரியாமல் மாற்றி மாற்றிச் செருகச் சொல்லிப் பத்து முறை கேட்டேன். சரியாகச் சொன்னது ஐந்து. காசைச் சுண்டிச் சொன்னாலும் இதே கணக்குதான் வந்திருக்கும். இதில் வியப்பில்லை. லேன் கேபிளில் போவது எண்கள். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் சரிபார்ப்பு எண் உண்டு. கெட்டுப்போன பொட்டலம் எறியப்பட்டு மறுபடி கேட்டு வாங்கப்படுகிறது. வந்து சேர்ந்தபின் அது கையிருப்பில் காத்திருந்து, பிளேயரின் கடிகாரம் சொல்லும் வேகத்தில்தான் ஒலியாகிறது. கேபிளால் பாட்டை நிறுத்த முடியும். வீணையின் நாதத்தை இனிமையாக்க முடியாது.

ஒரு விதிவிலக்கு. உலோக உறையும் உலோகத் தலையும் உள்ள கேபிள், இரு கருவிகளின் உடம்பையும் மின்சார வழியில் இணைத்து ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்ற இரைச்சலைக் கிளப்பக்கூடும். உறையில்லாத சாதாரணக் கேபிளில் அந்தத் தொல்லை இல்லை. லேன் துளைகளுக்குள் இருக்கும் சிறு டிரான்ஸ்ஃபார்மர்களே இரு பக்கத்தையும் பிரித்துவைக்கின்றன. மலிவானதே மேல் என்று சொல்ல வாய்ப்பது அபூர்வம்.

ஒயர் இழுக்கவே முடியாதவர்கள், வாடகைக்குக் குடியிருப்பவர்கள் முக்கியமாக, ஒன்றுக்கொன்று அலையைக் கைமாற்றும் பெட்டிகளாக வரும் மெஷ் வகை ரவுட்டர் வாங்கலாம். இரண்டாவது பெட்டியைப் பாட்டு கேட்கும் அறையில் வைத்துவிடாதீர்கள்; அங்கே அதற்கே அலை கிடைக்காது. பாதி வழியில், மாடிப்படித் திருப்பத்தில் வையுங்கள். வசதி இருந்தால் பிளேயரை அந்தப் பெட்டியிலேயே லேன் கேபிளால் செருகுங்கள். மின்கம்பி வழியாக இணையத்தை அனுப்பும் பவர்லைன் கருவிகளும் உண்டு. மூன்று ஃபேஸ் இணைப்புள்ள வீட்டில் இரண்டு பிளக்கும் வெவ்வேறு ஃபேஸில் மாட்டிக்கொண்டால் அவை ஒன்றையொன்று பார்ப்பதே கடினம். திருப்பிக் கொடுக்க வழியிருந்தால் மட்டும் வாங்கிப் பாருங்கள்.

யாரோ வரிசையை அடைக்கிறார்கள்

ஒயரும் இழுத்தாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி நின்றது. இம்முறை ரவுட்டர் வரை பிங் 1 மில்லிநொடி, 8.8.8.8க்கு 640. காரணம், கல்யாணத்துக்குப் போய்வந்த மகனின் செல்பேசி இரண்டாயிரம் புகைப்படங்களையும் வீடியோக்களையும் மேகச் சேமிப்புக்கு ஏற்றிக்கொண்டிருந்தது.

ரேஷன் கடை வரிசையில் முன்னால் நிற்பவர் பத்து மூட்டை அரிசி வாங்க, பின்னால் ஒரு பாக்கெட் உப்புக்கு நிற்பவரின் கதிதான் உங்கள் பாட்டுக்கு. அடுத்த பகுதியை அனுப்பு என்று பிளேயர் விடும் சின்னஞ்சிறு வேண்டுகோள் பதிவேற்ற வரிசையின் கடைசியில் நின்றுகொண்டிருக்கும். பஃபர்புளோட் என்று இதற்குப் பெயர். பதிவேற்ற வேகம் குறைந்த இணைப்புகளில் தொல்லை அதிகம்.

காசில்லாத மருந்து: புகைப்படச் சேமிப்பைப் பாட்டு நேரத்தில் நிறுத்திவையுங்கள். முழு மருந்து, இந்த வரிசையை ஒழுங்குபடுத்தும் எஸ்கியூஎம் என்ற வசதியுள்ள ரவுட்டர். ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருள் ஏற்றக்கூடிய ரவுட்டர்களில் இது உண்டு. அதில் கேக் என்ற முறையைத் தேர்ந்து, உங்கள் உண்மையான பதிவிறக்க, பதிவேற்ற வேகங்களை அளந்து, இரண்டிலும் 90 சதவீதத்தை எழுதுங்கள். பத்து சதவீத வேகம் போகும். பதிலுக்கு உப்பு வாங்குபவருக்குத் தனி வரிசை கிடைக்கும்.

செயலி பிளேயரைக் காணவில்லை என்றால்

பாட்டு நிற்பதைவிட எரிச்சலூட்டுவது, செயலியைத் திறந்தால் பிளேயரே பட்டியலில் இல்லாமலிருப்பது. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: வீட்டுக்குள் இரண்டு நெட்வொர்க். மோடத்திலும் வைஃபை உண்டு. நீங்கள் வாங்கிய ரவுட்டரிலும் உண்டு. செல்பேசி ஒன்றில், பிளேயர் மற்றொன்றில். இரண்டின் முகவரிகளையும் பாருங்கள். ஒன்று 192.168.1 என்றும் மற்றது 192.168.0 என்றும் தொடங்கினால் இதுதான் சங்கதி. புது ரவுட்டரை, தனி நெட்வொர்க் உருவாக்காமல் வைஃபையை மட்டும் பரப்பும் அக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றி, மோடத்தின் வைஃபையை அணைத்துவிட்டால் வீடு ஒன்றாகிவிடும். விருந்தினருக்கென்று ரவுட்டர் தரும் கெஸ்ட் நெட்வொர்க்கில் பிளேயரை இணைக்காதீர்கள். அங்கே கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி தடுப்பதுதான் அதன் வேலையே.

கடைசி நான்கு அடி

நெட்வொர்க் சரியானபின் செயலியின் அமைப்புகளுக்குள் போகாமல் விட்டால் பாடுபட்டதெல்லாம் வீண். இழப்பில்லாத ஒலி பல செயலிகளில் தானாக வராது. ஒலித்தரப் பகுதியில் வைஃபைக்கும் மொபைல் டேட்டாவுக்கும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஐஃபோனில் 48 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி வேண்டுமென்றால் டிஏசி என்ற கருவியை, அதாவது எண்களை ஒலியாக மாற்றுவதை, வெளியே செருக வேண்டும். விண்டோஸ் வழக்கமாக எல்லா ஒலியையும் ஒரே அளவுக்கு மாற்றிக் கலந்துவிடும். உங்கள் பிளேயர் மென்பொருளில் எக்ஸ்குளூசிவ் முறை இருந்தால் அதை இயக்குங்கள். 192 இல்லையே என்று வருந்த வேண்டாம். சிடி தரம் ஒழுங்காக வந்து சேர்ந்தால் எனக்கு அதுவே போதும். அதற்கு மேல் என் காதுக்கு வேறுபாடு தெரிந்ததில்லை.

கர்நாடக இசை கேட்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல்: தடங்களுக்கு நடுவே இடைவெளி விடாமல் பாடும் கேப்லெஸ் வசதி பிளேயரில் இருக்கிறதா என்று பாருங்கள். ராகம், தானம், பல்லவி தனித்தனித் தடங்களாக வெட்டப்பட்ட கச்சேரிப் பதிவில், தடம் மாறும்போது தம்புரா ஒரு கணம் அறுந்தால் நெட்வொர்க்கைத் திட்டாதீர்கள். அது பிளேயரின் குறை; எந்த ரவுட்டரும் அதைத் தீர்க்காது.

மின்சாரம் போய்வரும் ஊர்களில் மோடத்துக்கும் ரவுட்டருக்கும் மினி யுபிஎஸ் தேவை. இன்வெர்ட்டர் இருந்தாலும், அது மாறும் கண நேரத்தில் சில மோடம்கள் அணைந்து மறுபடி எழ இரண்டு மூன்று நிமிடம் எடுத்துக்கொள்ளும். வாங்கும் முன் இரண்டின் அடாப்டரிலும் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் குறித்துக்கொண்டு போங்கள். எல்லாம் 12 வோல்ட் அல்ல.

எல்லாம் முடிந்ததும் ஒரு தாளில் வைஃபை பெயர்கள், கடவுச்சொற்கள், சேனல் எண்கள், எஸ்கியூஎம் எண்கள், பிளேயரின் முகவரி எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். ஃபைபர் அறுந்து பழுது பார்க்க வருகிறவர் முதலில் தேடுவது மோடத்தின் பின்னாலுள்ள ரீசெட் துளையைத்தான். அதில் ஊசியால் ஒரு குத்து குத்தினால் நீங்கள் மாதக்கணக்கில் செய்தது அனைத்தும் ஐந்து நொடியில் அழிந்துபோகும். என் தாள் பீரோ கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறது. இதுவரை மூன்று முறை பயன்பட்டுவிட்டது.